காந்தம் இல்லாத ஸ்பீக்கர்!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன் பாஸ். 'டைனமிக்ஸ்' பேப்பரில் எனக்கு அரியர். அதற்கு ஃபீஸ் கட்ட அம்மா கொடுத்த காசு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8 இன்ச் வூஃபராக மாறிடுச்சு!

பெட்டி வெறும் 20 லிட்டர். 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ண 3 இன்ச் பைப் வைக்கலாம்னா, நீளம் இரண்டடிக்கு மேல் வருது. பெட்டியே ஓரடிதான்! அதனால், பேஸிவ் ரேடியேட்டர். காந்தமும் காயிலும் இல்லாத ஸ்பீக்கர்னு வெச்சுக்குங்களேன். வூஃபர் ஆடும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று இதையும் ஆட்டிவைக்கும்.

நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. பழைய 8 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றிட்டு மாட்டினேன். முதல் குத்துப்பாட்டிலேயே 'படபட'ன்னு திணறிடுச்சு. வூஃபர் தள்ளும் காற்றைப்போல இரண்டு மடங்காவது ரேடியேட்டர் தள்ளணும். அதே மாதிரி இன்னொன்றை எதிர்ப்பக்கம் மாட்டினேன். திணறல் போச்சு. எதிரெதிரே ஆடுவதால் பெட்டி நடுங்கறதும் குறைஞ்சது. ஆனா, ட்யூனிங் மேலே ஏறிடுச்சு! இரண்டு கோனிலும் வாஷர் ஒட்டி, எடையை இரண்டு மடங்காக்கினேன். இறங்குச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? போன் ஆப்பில் டோனை மெதுவா இறக்கிக்கிட்டே வாங்க. எந்த ஹெர்ட்ஸில் வூஃபர் கிட்டத்தட்ட நின்னுபோய், ரேடியேட்டர் மட்டும் ஆட்டம் போடுதோ, அதுதான் ட்யூனிங்.

பெட்டிக் காற்றுதான் ஸ்பிரிங், கோன்தான் எடை. இந்தக் கணக்கைத்தான் அந்தப் பேப்பரில் கேட்டிருந்தாங்க. இப்போ புரியுது!

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டலை. "ஃபீஸ் கட்ட கடைசி நாள் எப்போடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுதான் ரொம்ப வலிச்சது.

8 இன்ச் வூஃபர், ஒரே வாரம் ஓடினது. யாருக்காவது வேணுமா பாஸ்? பெட்டியை மட்டும் தர மாட்டேன்!