கதவைத் தட்டப் போவது யார்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் வீட்டுவசதி நிறுவனம் ஒன்றில் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் நிர்வாகக் குழுவின் முன் ஒரு திட்டத்தை வைத்தேன். ஒவ்வொரு வீட்டையும் ஆண்டுக்கு இருமுறை போய்ப் பார்ப்பது, பழுதுகளைக் குறித்துக்கொள்வது, வாடகை நிலுவை இருந்தால் அதே வருகையில் பேசிவிடுவது. செலவுக் கணக்கிலும் கால அட்டவணையிலும் குறை இல்லை. குழுவின் தலைவர் விராஜூரி இனத்து மூத்த பெண்மணி. ஊரே அவரை ஆன்ட்டி என்றுதான் அழைக்கும். பூர்வகுடி மக்களிடையே அது பெரியவர்களுக்குத் தரும் மரியாதைச் சொல். தாள்களைக் கடைசிவரை படித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கதவைத் தட்டப் போவது யார்?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அன்று புரியவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, 1969இல் பூர்வகுடியினர் நல வாரியம் கலைக்கப்படும்வரை, அரசு ஒதுக்கிய குடியிருப்புகளில் பூர்வகுடிக் குடும்பங்கள் மேலாளரின் கண்காணிப்பில் வாழ்ந்தன. அவர் வீட்டுக்குள் வருவார். தரை கூட்டியிருக்கிறதா, அலமாரியில் சாப்பாடு இருக்கிறதா, பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக்கொள்வார். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். கார் சத்தம் கேட்டால் ஆற்றங்கரைக்கு ஓடிவிடு என்று சொல்லிச் சொல்லி ஆன்ட்டியை வளர்த்தவர் அவருடைய தாய். நான் அவர் முன் வைத்தது, கையில் கிளிப்போர்டோடு வரும் அந்நியர் ஒருவரை மறுபடி அந்த வாசல்களுக்கு அனுப்பும் திட்டம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கணக்கியல் படித்து, சிட்னியிலிருந்து இந்த ஆற்றோர ஊருக்கு வந்தவன். நிறுவனம் பூர்வகுடி மக்களுடையது. உறுப்பினர்களும் இயக்குநர்களும் அவர்களே, தலைமை நிர்வாகியும் அவர்களில் ஒருவர். செயல்பாட்டுப் பொறுப்பு மட்டும் என்னுடையது. வேறு இடங்களில் மூத்த அதிகாரி முடிவு சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். இங்கே முடிவு அவர்களுடையது. அதை நிறைவேற்றும் வழியையும், அதற்காகும் செலவையும், சட்டம் எங்கே குறுக்கே நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்வது என் வேலை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். அதைப் பழக எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பூர்வகுடிகள் தங்கள் வீடுகளைத் தாங்களே நிர்வகிக்கும் இந்த முறை அரசு மேலிருந்து இறக்கியதல்ல. சிட்னியின் ரெட்ஃபர்னில் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட மறுத்த காலத்தில் மக்கள் திரண்டு போராடினார்கள். 1973இல் பிரதமர் விட்லமின் அரசு தந்த நிதியைக் கொண்டு அங்கே வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை.

திட்டத்தைத் திருத்தி எழுதும்போது, 1980களில் தென் ஆஸ்திரேலியாவின் பாலைப்பகுதியில் நடந்த ஒரு வேலை கைகொடுத்தது. நங்கனம்பா சுகாதார மன்றத்தின் இயக்குநராக இருந்த யாமி லெஸ்டர், மக்கள் நோயில் விழாமல் இருக்க வழி தேடச் சொன்னார். மருத்துவர் பால் டார்சில்லோ, கட்டடக் கலைஞர் பால் ஃபோலரஸ், சுகாதாரப் பணியாளர் ஸ்டீபன் ரெய்னோ மூவரும் வீடுகளைச் சோதித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் வருகிறதா, துணி துவைக்க முடிகிறதா, கழிவுநீர் வெளியேறுகிறதா என்பவையே அவர்களின் கேள்விகள். பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதைத் தொடர்ந்தபோது, பழுதுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால் வந்தவை, சுமார் 20 சதவீதம் மோசமான கட்டுமானத்தால் வந்தவை என்று தெரிந்தது. குடியிருப்பவர்களால் வந்தவை 10 சதவீதத்துக்கும் குறைவு. "அவர்கள் வீட்டைக் கெடுத்துவிடுவார்கள்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இந்தக் கணக்கை அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் காட்டியிருக்கிறேன்.

அந்தச் சோதனைக் குழுவிடம் ஒரு விதி இருந்தது: சரிசெய்ய ஆள் இல்லாமல் சோதனைக்குப் போகாதே. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இப்போது எங்கள் வீடுகளுக்குப் போவது, ஊரிலேயே பிறந்து வளர்ந்த குடியிருப்பு அலுவலரும் ஒரு பிளம்பரும். முன்கூட்டியே போன் செய்துவிட்டுத்தான் போவார்கள். பையில் வாஷர், ஷவர் தலை, பூட்டு, பல்பு எல்லாம் இருக்கும். எங்கள் ஊர் நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சுடுநீர்த் தொட்டிக்குள் சுண்ணாம்பு படிந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதை அன்றே பார்த்துவிடுவார்கள். அந்த வருகையில் வாடகை பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. நிலுவையில் இருந்தவர்கள் சிலர் பிறகு தாங்களாகவே அலுவலகம் வந்து தவணை கேட்டார்கள்.

பணம் எப்போதும் இழுபறிதான். அரசு வீட்டில் குடியிருப்பவருக்கு மத்திய அரசின் வாடகை உதவித்தொகை கிடையாது. எங்களைப் போன்ற சமூக நிறுவனத்தின் வீட்டில் இருப்பவருக்குத் தகுதி இருந்தால் உண்டு. அந்தத் தொகையையும் வருமானத்தில் 25 சதவீதத்தையும் சேர்த்து வாடகையாக வாங்குகிறோம். புது வீடு கட்ட மானியம் கிடைத்துவிடும். முப்பது ஆண்டுப் பழைய வீட்டின் கூரைக்கு யாரிடம் கேட்பது?

அதைவிடக் கடினமான இடங்கள் உண்டு. ஒரு மரணம் நிகழ்ந்தால் உறவுகள் பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்து வாரக்கணக்கில் தங்கும். இந்தத் துக்க காலத்தை 'சாரி பிசினஸ்' என்பார்கள். ஒப்பந்தத்தில் ஆறு பேர் என்றிருக்கும், வீட்டில் இருபது பேர் இருப்பார்கள். பழைய விதிப்படி அது மீறல். விதியை மாற்றினோம். துக்க வீட்டுக்கு இப்போது நோட்டீஸ் போவதில்லை, கழிவுநீர்க் குழாயைப் பார்க்க ஆள் போகிறார். காத்திருப்போர் பட்டியல் இன்னும் வலி தருவது. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரும் சொந்தம். பெயரை மறைத்துவிட்டுத் தேவையை மட்டும் குழுவின் முன் வைப்பேன். தன் குடும்பம் என்று தெரிந்ததும் இயக்குநர் எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை ஆன்ட்டி அப்படி வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார். அன்று ஒதுக்கிய வீடு அவருடைய பேத்திக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர் அடுத்த பொருளை எடுக்கச் சொன்னார்.

2023 நவம்பரில் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் குழுவின் முன் வைத்தேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாண்டா தெரேசாவில் ஒரு மூத்த பெண்மணியின் வீட்டில் 2,116 நாட்கள் பின்பக்கக் கதவே இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டது வட பிரதேச அரசு. வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண்மணி இறந்துபோனார். இறந்தவர் பெயரைச் சொல்லாத அவர்கள் மரபை மதித்து இங்கே பெயரைச் சொல்லவில்லை. கதவில்லாமல் வாழ்ந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பால் வீட்டு உரிமையாளர் என்ற முறையில் நமக்கு வரக்கூடிய பொறுப்பு என்ன என்று விளக்கக் குறிப்போடு வந்திருந்தேன்.

ஆன்ட்டி குறிப்பைத் திறக்கவில்லை. "நம் வீடுகளில் இன்று சரியாகப் பூட்டாத கதவு எத்தனை?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். தெரியும்வரை கூட்டம் நடக்காது என்று சொல்லிவிட்டார். பட்டியலைப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போன் செய்யத் தொடங்கினோம். என் பக்கத்தின் முதல் எண்ணை எடுத்தது ஒரு சிறுமி. பாட்டி தூங்குகிறார் என்றாள். பின்கதவு பூட்டுகிறதா என்று கேட்டேன். "இருங்க, போய்ப் பார்க்கிறேன்" என்று போனைக் கீழே வைத்தாள். நடைவழியில் அவள் ஓடும் சத்தம் கேட்டது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.