வெறும் தூக்குச்சட்டி திரும்பிப் போகாது!

மதுரையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் திருமங்கலம். ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குச் செல்லும் சாலை பிரிவதும் இங்கேதான். பஸ் மாறுவதற்காக இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது வெறும் சந்திப்பு. ஆனால், மாசியில் தொடங்கிச் சித்திரை முடிகிற வரை இந்த ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் அடுப்படி வழியாகப் பார்த்தால் வேறொரு திருமங்கலம் தெரியும்.

2024-ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 ஈஸ்டர். ஏப்ரல் 11 ரம்ஜான். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு. ஏப்ரல் 21 மீனாட்சி திருக்கல்யாணம். ஏப்ரல் 23 அழகர் ஆற்றில் இறங்கினார். 24 நாளுக்குள் மூன்று மதங்களின் விருந்தும் அடுத்தடுத்து வந்தன. ஒரே தெருவில் மூன்று மதத்தாரும் இருந்தால், ஒரே வீட்டுக்குள் இரண்டு மதம் இருந்தால், யார் வீட்டில் யார் என்ன சாப்பிடுவது?

தாலி செய்த ஊர்

மீனாட்சியம்மன் கல்யாணத்துக்கான திருமாங்கல்யம் இங்கே செய்யப்பட்டதால்தான் ஊருக்குத் திருமங்கலம் என்று பெயர் வந்தது என்பது ஊர்க்கதை. கிறிஸ்தவ வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடமுண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1842-ல் இங்கே தொடங்கிய செமினரி, 1845-ல் பசுமலைக்கு இடம் மாறியது. இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் அதுதான்.

திருமங்கலத்துக்கு அருகே இருக்கும் வடக்கம்பட்டி, 'முனியாண்டி விலாஸ்' ஓட்டல்காரர்களின் ஊர். 1937-ல் காரைக்குடியில் முதல் கடையைத் திறந்தவர் இந்த ஊர்க்காரரான சுப்பா நாயுடு. வெளியூர்களில் ஓட்டல் நடத்துகிறவர்கள் தை, மாசி மாதங்களில் ஊர் திரும்பி முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டுகிறார்கள். இரவு முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடிவதற்கு முன்பே பந்தி தொடங்கிவிடும். சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. வந்தவர் எல்லோருக்கும் பிரியாணிதான் பிரசாதம்.

ஆனால், வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தாலும் எல்லோரும் சாப்பிட்டுவிட முடியாது. ஹலால் முறையில் அறுக்காத கறியை, அதுவும் சாமிக்குப் படைத்ததை, மார்க்கம் பேணுகிற முஸ்லிம் தொடமாட்டார். கிறிஸ்தவர்களிலும் படையலைச் சாப்பிடாதவர்கள் உண்டு. இது திருமங்கலத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை. கிரேக்க நாட்டில் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள், சிலைக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்று முதல் நூற்றாண்டிலேயே குழம்பினார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரம் முழுக்க அதைப் பற்றித்தான்.

'சாமிக்கு முன்னாடியே எடுத்தது'

கொரிந்துக்காரர்களுக்குக் கடிதம் தேவைப்பட்டது. இந்தப் பக்கத்துப் பெண்கள் கரண்டியாலேயே அதைத் தீர்த்துவிடுகிறார்கள்.

பங்குனிப் பொங்கலோ, புத்தாண்டுப் பாயசமோ, அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் படையல். "அக்கா, இது சாமிக்கு முன்னாடியே எடுத்தது" என்று அந்தத் தூக்கைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது, வாங்குகிறவரின் தயக்கம் போய்விடுகிறது. கொடுத்தவருக்கும் குறை இல்லை. புத்தாண்டு இலையில் வைக்கிற வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடிக்கு இந்தச் சிக்கல்கூடக் குறைவு. வெல்லமும் மாங்காயும் எந்த மார்க்கத்துக்கும் ஆகாததில்லை.

எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். ரமலான் மாதத்துச் சாயங்காலங்களில் பள்ளிவாசல் வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கிற பிள்ளைகளில் நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் சேர்த்துக் குழைய வேகவைத்த நோன்புக் கஞ்சி வயிற்றுக்கு இதம் என்று வேற்று மதத்துப் பாட்டிகளும் விரும்பிக் குடிக்கிறார்கள். இந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் பச்சரிசி வழங்குகிறது. கொத்துக்கறி போட்டுக் காய்ச்சுகிற நாளில், "இன்னிக்குக் கறி போட்டிருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. சைவக்காரர் வீட்டுக்கு வேறொரு நாள் போகும்.

பெரிய வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் பல தேவாலயங்களில் கஞ்சி ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளத் துவையல். 2025-ல் ரமலான் நோன்பு மார்ச் 2-ம் தேதி தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச் 5 அன்று, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கியது. மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியவர்கள் கவுச்சி தொடாமல் இருக்கும் பங்குனியும் பின்னாலேயே வந்தது. ஒன்றாகச் சாப்பிடுவதைப் போலவே, ஒரே பருவத்தில் வாயைக் கட்டுவதும் அக்கம்பக்கத்தை நெருக்கமாக்குகிறது. விரதம் என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே வீட்டுக்குள் இரண்டு காலண்டர்

பக்கத்து வீடு என்றால் தூக்குச்சட்டியில் முடிந்துவிடும். கணவனும் மனைவியும் வெவ்வேறு மதம் என்றால் அப்படி முடியாது. மதம் மாறாமலேயே கல்யாணம் செய்துகொள்ள 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி செய்கிறது. ஈஸ்டர் அன்று பிரியாணிக்குக் கறி எடுக்கும்போது, அன்றைக்கு விரதம் இருக்கிற மாமியாருக்கு எந்தப் பாத்திரத்தில் சமைப்பது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

அதைச் சமையற்கட்டுதான் முடிவு செய்கிறது. கறிச்சட்டி தனி, சைவச்சட்டி தனி. கறி எடுப்பதானால் எல்லோரும் சாப்பிடும்படி ஹலால் கடையிலேயே எடுத்துவிடுவது. நோன்பிருக்கும் மருமகளுக்கு மாமியார் அதிகாலையில் எழுந்து சோறு வடித்துக் கொடுப்பது. இவற்றை யாரும் மத நல்லிணக்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுப் பழக்கம் என்கிறார்கள். முறுக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும் சம்பந்தி வீடுகளும் இல்லாமல் இல்லை. பல நேரங்களில் முதல் பேச்சு தொடங்குவதும் பேரப்பிள்ளை கையில் கொடுத்தனுப்பிய பலகாரத்தில்தான்.

தாமதமாக வந்த அண்ணன்

திருமங்கலத்துக்காரர்கள் ஒரு காலத்தில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போன சித்திரைத் திருவிழாவே இரண்டு மரபுகள் சேர்ந்த விழாதான். மாசியில் நடந்த சைவர்களின் மீனாட்சி கல்யாணத்தையும், சித்திரையில் நடந்த வைணவர்களின் அழகர் விழாவையும் ஒன்றாக இணைத்தவர் 17-ம் நூற்றாண்டு மன்னர் திருமலை நாயக்கர் என்பது வரலாறு. தங்கை கல்யாணத்துக்கு வந்த அழகர், தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேட்டுக் கோபித்துக்கொண்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. அன்றிரவு அவர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்றும் சொல்வார்கள். முஸ்லிம் பெண் ஒருத்தியைச் சாமியின் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்ட கதை இது.

திருக்கல்யாணத்துக்கு மதுரை சேதுபதி பள்ளியில் விருந்து நடக்கும். முந்தின இரவு வந்து காய் நறுக்குகிறவர்கள் யாரும் கூலி வாங்குவதில்லை. சாப்பிட்டவர்கள் சாதாரணக் கல்யாண வீடு போலவே மொய் எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். அழகர் வரும் வழியெங்கும் நீர்மோர், பானகப் பந்தல்கள். செம்பு நிறையச் சர்க்கரை, மேலே சூடம் என்று ஏந்தி நிற்பவர்கள், பிறகு அந்தச் சர்க்கரையை வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள்.

தள்ளிப்போகும் பிறை

ஈஸ்டர் வசந்தத்திலேயே நிற்கும். சித்திரையும் நகராது. பிறைக் கணக்கில் வரும் ரமலான் மட்டும் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். 2030-ல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பரில் இன்னொருமுறை என்று ஒரே ஆண்டில் இரண்டு ரமலான் தொடங்கும். பிறகு மழைக்காலம், கோடைக்காலம் என்று சுற்றி, மீண்டும் வசந்தத்துக்கு வர மொத்தம் 33 ஆண்டுகள் ஆகும். இன்று கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு நிற்கிற பிள்ளைக்கு, அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.

அந்தப் பிள்ளை இன்று ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. கஞ்சி வந்த தூக்கைக் கழுவி வைத்தாலும், அம்மா அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. பலகாரம் இருந்தால் பலகாரம். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான், "அத்தை வீட்டுல குடுத்துட்டு வா" என்று அனுப்புகிறாள்.