ஒரு நிமிடத்துக்கு 1.8 நாள்

வைப்புத் தொகைக்கு எந்த வங்கி அதிக வட்டி தருகிறது என்று விசாரிக்காத வீடு கிடையாது. கால் சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால் கூட பணத்தை எடுத்து வேறு வங்கியில் போடுபவர்கள் உண்டு. ஆனால் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் 1.8 நாள் திரும்பக் கிடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடமாக மாற்றிப் பார்த்தால் 2592 மடங்கு! எந்த வங்கியும் இப்படி ஒரு வட்டி தராது.

இது விளம்பரம் அல்ல. 2014ல் 'ஸ்ட்ரோக்' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின் முடிவு. பின்லாந்து, ஆஸ்திரேலியா நோயாளிகளின் விவரங்களை வைத்து அட்டெ மெரெடோயா என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் போட்ட கணக்கு. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஒரு நிமிடம் முன்னதாகப் போட்டால், சராசரியாக 1.8 நாள் கூடுதலான ஆரோக்கிய வாழ்வு கிடைக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. கடுமையான பாதிப்புள்ள 80 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 0.6 நாள். அதே அளவு பாதிப்புள்ள 50 வயதுக்காரருக்கு 3.5 நாள். வாழ வேண்டிய ஆண்டுகள் அதிகம் என்பதால் லாபமும் அதிகம்.

சரி, அந்த ஊசி என்ன? அது உண்மையிலேயே வேலை செய்கிறதா? வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

மூளையின் தேய்மானம்

பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக் கொள்வது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது இன்னொன்று. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அடைப்பு வகைதான். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வாய் கோணும், கை விழுந்து விடும், பேச்சு குழறும். ஆனால் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்கு விஷம். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் இந்த ஊசியைத் தொட மாட்டார்.

அடைப்பு ஏற்பட்டதும் நடுவில் உள்ள பகுதி சீக்கிரமே இறந்து விடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி உடனே இறப்பதில்லை. பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்சம் இரத்தத்தை வைத்துக்கொண்டு, வேலை செய்ய முடியாமல், ஆனால் உயிரோடு காத்திருக்கிறது. சிகிச்சையின் நோக்கமே அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதுதான். எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 2006ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்களும், 1400 கோடி நரம்பு இணைப்புகளும், 12 கிலோமீட்டர் நரம்பு இழைகளும் அழிகின்றன. வணிகவியல் புத்தகத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானத்தை ஆண்டுக் கணக்கில் எழுதுவார்கள். இங்கே தேய்மானம் நிமிடக் கணக்கில்.

தோற்றவர்களும் ஜெயித்தவரும்

கட்டியைக் கரைக்கும் யோசனை புதிதல்ல. 1933லேயே அமெரிக்காவில் வில்லியம் டில்லெட் என்பவர், ஒரு வகை பாக்டீரியா உண்டாக்கும் பொருள் உறைந்த இரத்தத்தைக் கரைப்பதைக் கண்டார். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்புக்கு அது நன்றாகவே உதவியது. இதயத்துக்கு உதவியது மூளைக்கும் உதவாதா என்று 1990களில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய பரிசோதனைகள் நடந்தன. முடிவு சோகமானது. மூளைக்குள் இரத்தக் கசிவும் மரணமும் அதிகமானதால் பரிசோதனைகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இன்னொரு மருந்து டி.பி.ஏ. இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவில்லை, நம் உடம்பே தயாரிக்கும் பொருள். இரத்தத்தில் தூங்கிக் கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் என்பதை எழுப்பி பிளாஸ்மின் ஆக்குகிறது. அந்த பிளாஸ்மின் கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் டெசிரே காலன் இதைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவனம் மரபணுவை நகலெடுத்து மருந்தாக்கியது. 1987ல் மாரடைப்புக்கு அனுமதி கிடைத்தது. 1985லேயே ஜஸ்டின் ஸிவின் என்ற மருத்துவர், முயல்களுக்குச் செயற்கையாகப் பக்கவாதம் உண்டாக்கி டி.பி.ஏ கொடுத்து, பலன் இருப்பதைக் காட்டியிருந்தார்.

மனிதர்களுக்கான பதில் 1995 டிசம்பரில் வந்தது. அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் நடத்திய பரிசோதனை. மொத்தம் 624 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து போலத் தோற்றமளிக்கும் வெறும் திரவம். எல்லோருக்கும் அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் ஊசி. எடையில் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. அதில் பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக.

நூறு பேரின் ஐந்தொகை

மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். ஊனம் எதுவும் இல்லாமல், அல்லது மிகக் குறைவான பாதிப்போடு இருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம். பெறாதவர்களில் 26 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். பலர் தவறாகப் புரிந்து கொள்வது இங்கேதான். மருந்து கொடுத்த நூறு பேரில் 26 பேர் மருந்து இல்லாமலே தேறியிருப்பார்கள். மருந்தால் கூடுதலாகத் தேறியவர்கள் 13 பேர். மீதி 61 பேர் மருந்து பெற்றும் ஏதோ ஒரு ஊனத்தோடு இருக்கிறார்கள், அல்லது இறந்து விட்டார்கள். அதாவது சுமார் எட்டுப் பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் அந்த ஊசியால் முழுமையாக எழுந்து நடக்கிறார். 'ஊசி போட்டால் சரியாகி விடும்' என்பது பொய். 'ஊசியால் ஒன்றும் ஆகாது' என்பதும் பொய்.

செலவுப் பக்கம்? மூளைக்குள் இரத்தம் கசிந்து நிலைமை மோசமானவர்கள், மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம். பெறாதவர்களில் 0.6 சதவீதம். பத்து மடங்கு! இந்த எண்ணைப் பார்த்து பயப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் 39க்கு 26 என்ற முடிவு இந்தக் கசிவையும் சேர்த்த பிறகு வந்தது. நஷ்டத்தைக் கழித்த பின் மிஞ்சிய நிகர லாபம்தான் அந்த 13. மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 17 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 21. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஆக இது உயிர் காக்கும் மருந்து என்பதை விட, ஊனத்தைத் தடுக்கும் மருந்து என்பதே சரி.

1996 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் சண்டை ஓயவில்லை. மருந்து பெற்ற குழுவில் லேசான பாதிப்புள்ளவர்கள் அதிகம் இருந்தார்களே, அதனால்தான் முடிவு நன்றாக வந்ததோ என்று அவசர சிகிச்சை மருத்துவர்கள் சிலர் கேட்டார்கள். 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, இந்த மருந்தைப் பரிந்துரைத்த அமெரிக்க இதயச் சங்கத்துக்கு மருந்து நிறுவனம் பெரிய நன்கொடை கொடுத்திருப்பதைச் சுட்டிக் காட்டியது. நியாயமான கேள்விகள்தான். பணம் வாங்கிய இடத்தில் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்வதில் தவறில்லை. தணிக்கையும் நடந்தது. வெளியாட்கள் அடங்கிய குழு ஒன்று எல்லா விவரங்களையும் மறுபடி ஆராய்ந்து, அந்த வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் பலன் நிற்கிறது என்று 2004ல் சொன்னது. 2008ல் ஐரோப்பாவில் 821 பேரிடம் நடந்த பரிசோதனை, நாலரை மணி நேரம் வரை பலன் உண்டு என்று காட்டியது. 52.4 சதவீதம், மருந்து இல்லாமல் 45.2. லாபம் சுருங்கி விட்டதைக் கவனியுங்கள். நேரம் போகப் போக லாபம் கரைகிறது. 2010ல் எட்டுப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், ஒன்றரை மணி நேரத்துக்குள் என்றால் நாலு அல்லது ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று மணிக்குள் ஒன்பது பேருக்கு ஒருவர், நாலரை மணிக்குள் பதினான்கு பேருக்கு ஒருவர் நன்றாகத் தேறினார்கள்.

பணக் கணக்கும் உண்டு. 1998ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆயிரம் பேருக்கு இந்தச் சிகிச்சை கொடுத்தால் மருத்துவமனைச் செலவு 17 லட்சம் டாலர் கூடுகிறது. ஆனால் மறுவாழ்வுச் சிகிச்சையில் 14 லட்சமும், பராமரிப்பு இல்லங்களில் 48 லட்சமும் குறைகிறது. மொத்தத்தில் மிச்சம். இதில் ஒரு சிக்கல். செலவு செய்வது மருத்துவமனை, மிச்சம் பிடிப்பது வேறு யாரோ. குடும்பமே பராமரிப்பு இல்லமாக இருக்கும் சமூகத்தில் அந்த மிச்சம் எந்தப் புத்தகத்திலும் பதிவாகாது. வேலையை விட்டு விட்டு மாமனாரைத் தூக்கி உட்கார வைக்கும் மருமகளின் பத்து வருடத்துக்கு யார் ரசீது கொடுப்பது?

ஹெல்சிங்கி செய்த காரியம்

மருந்து ஒன்றுதான், பலன் நேரத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் நேரத்தைக் குறைக்க முடியுமா? பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனை இதைத்தான் கேட்டுக் கொண்டது. 1998ல் அங்கே நோயாளி வாசலுக்குள் நுழைந்ததிலிருந்து ஊசி ஏறும் வரை 105 நிமிடம் ஆனது. 2003ல் அது 60 ஆனது. 2011ல் 20 நிமிடம்! இவையெல்லாம் இடைநிலை அளவுகள், அதாவது பாதிப் பேருக்கு அதை விடவும் குறைவு.

புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. செய்தவை எல்லாம் சாதாரணமானவை. ஆம்புலன்ஸ் வழியிலிருந்தே போன் செய்து விடும். நோயாளி வருவதற்குள் பழைய மருத்துவ விவரங்களை எடுத்து வைத்து விடுவார்கள், உறவினரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு விடுவார்கள். பரிசோதனைகளுக்கு முன்கூட்டியே சீட்டு எழுதி விடுவார்கள். சி.டி. இயந்திரத்தையே அவசரப் பிரிவுக்குள் இடம் மாற்றினார்கள். நோயாளி நேரே ஸ்கேன் அறைக்குப் போவார். மருந்தை முன்னாலேயே கலந்து வைத்து, ஸ்கேன் மேசையிலேயே ஊசி போட்டு விடுவார்கள். மொத்தம் 12 மாற்றங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள். தொழிற்சாலையில் வீண் நேரத்தை ஒழிப்பது போல.

இதே முறையை ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மருத்துவமனை 2012ல் கடைப்பிடித்தது. நாலே மாதத்தில் பகல் வேலை நேரத்தில் 43 நிமிடம் 25 ஆகக் குறைந்தது. ஆனால் இரவிலும் விடுமுறை நாளிலும் பெரிய மாற்றம் இல்லை. பக்கவாதத்துக்குக் கடிகாரம் தெரியாது, ஆனால் மருத்துவமனைக்குத் தெரிகிறது!

இன்றைய நிலை

2015ல் இன்னொரு கதவு திறந்தது. பெரிய கட்டிகளை மருந்து மட்டும் கரைப்பது கடினம். தொடை வழியாகக் குழாய் விட்டு கட்டியை இழுத்து எடுக்கும் முறை பலன் தருகிறது என்று நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த பரிசோதனை காட்டியது. பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19.1. அதில் பெரும்பாலானவர்கள் ஊசியும் பெற்றவர்களே. தூக்கத்தில் பக்கவாதம் வந்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாதவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்து ஊசி போடலாம் என்று 2018ல் தெரிந்தது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்துக்குப் பதில், ஒரே ஊசியாகப் போடக்கூடிய டெனெக்டிப்ளேஸுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஆனால் எந்த மருத்துவமனையும் குறைக்க முடியாத நிமிடங்கள் உண்டு. அவை வீட்டில் கழிபவை. 'கொஞ்சம் படுத்தால் சரியாகி விடும்', 'பித்தமாக இருக்கும்', 'மகன் வரட்டும், கேட்டுப் போகலாம்'. இப்படிப் போகும் ஒரு மணி நேரம், ஹெல்சிங்கி 13 வருடம் பாடுபட்டு மிச்சம் பிடித்த 85 நிமிடத்தில் முக்கால்வாசியை ஒரே மாலையில் செலவழித்து விடும். இரத்தக் கசிவாகவும் இருக்கலாம் என்பதால் ஸ்கேன் பார்க்காமல் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து.

மருத்துவர் கையெழுத்து கேட்கும்போது குடும்பத்துக்கு யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் 39, 26, 6.4 என்ற எண்களை முதல் தடவையாகக் கேட்பவர் என்ன முடிவெடுப்பார்? பயந்து 'வேண்டாம்' என்பார், அல்லது எல்லாம் சரியாகி விடும் என்று நம்பி 'சரி' என்பார். இரண்டும் கணக்குத் தெரியாமல் போடும் கையெழுத்து. எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு சாதாரண நாளில் வீட்டில் ஒரு தடவை பேசி வைக்க வேண்டிய விஷயம் இது. வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துக் கொண்டு உடனே கிளம்ப வேண்டும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்திருந்தால், பல நிமிடங்கள் அங்கேயே மிச்சம். ஒவ்வொன்றும் 1.8 நாள்.