சக்கரத்தையும் தாங்கும் ஷாஃப்ட்

ஏற்காட்டு மலைப்பாதைக்கென்றே செய்தது போல இருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சுமார் 25 அடி விட்டத்துக்குள் ஒரு முழு வட்டம் அடித்துவிடும். சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வம்பெல்லாம் பின்சக்கரங்களில்தான்.

அடிவாரத்துப் பட்டறை ஒன்றில் காபித் தோட்டக்காரர் ஒருவரின் ஹெரால்டு நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். பானெட்டைத் திறக்கவே இல்லை. "சார், ரிவர்ஸ் போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்றார். பின்னாலிருந்து 'டக்' என்றது. பிறகு முதல் கியர், மறுபடி 'டக்'. "மெதுவா உருட்டுறப்ப குருவி கத்துற மாதிரி கேக்குமே?" தோட்டக்காரர் தலையாட்டினார். கிரீஸ் வற்றிய யுனிவர்சல் ஜாயிண்ட்டின் குரல் அது. வேகத்தோடு சேர்ந்து கூடும், குறையும். வளைவில் மட்டும் கூடிக் குறையும் உறுமல் என்றால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் டிஃபரன்ஷியல் பற்கள் தேய்ந்தாலும் இதே 'டக்' வரும். அதனால் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துக் கீழே படுத்தார். ஒரு கை டிஃபரன்ஷியல் பக்க ஃபிளாஞ்சில், மறு கை ஷாஃப்ட்டில், எதிரெதிராகத் திருகினார். ஜாயிண்ட் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஆட்டமே இருக்கக் கூடாது. இங்கே ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸின் கப் கண்ணுக்குத் தெரிய அசைந்தது. கப்பின் விளிம்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி.

கழற்றிய கிராஸைத் துடைத்து என் கையில் கொடுத்தார். நகத்தால் வருடினால் வரி வரியாகப் பள்ளம். நீடில் பேரிங்குகள் அழுந்திய தடம். ஒரு கப்பில் நீடில்களே இல்லை, பழுப்புத் தூள்தான் கொட்டியது.

இதைச் சாதாரணத் தேய்மானமென்று விட முடியாது. பல கார்களில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு சரி. ஹெரால்டில் சக்கரத்தை இருத்திவைக்கும் கீழ்க் கையும் அதுவே; மேலே குறுக்குப் பட்டை ஸ்பிரிங். ஷாஃப்ட் ஹப் ஓரத்தில் முறிந்தால் சக்கரமே வண்டியை விட்டுப் போகும். அதனால் அவர் டார்ச்சும் மண்ணெண்ணெய்த் துணியுமாக அந்த முனையில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். மயிரிழை வெடிப்பு ஒன்று வருடக்கணக்கில் உள்ளே நகர்ந்து, மிச்ச இரும்பு தாங்காத நாளில் சட்டென்று முறிக்கும். இதில் வெடிப்பு இல்லை.

இந்தக் காரின் மூலமான இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பின்பக்க நோயும் அதோடு தொற்றிக்கொண்டது. 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்த சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1972-இல் கெஸல் கார் வந்தபோது இந்த அமைப்பையே கைவிட்டு ஒரே துண்டு ஆக்சிலுக்கு மாறியது. ஹெரால்டு பிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நம் சாலைக்கும் பட்டறைக்கும் அதுதான் சரி என்பேன்.

"அந்தப் பக்கம் சத்தமே இல்லையே, அதை விட்டுடலாமா?" என்றார் தோட்டக்காரர். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. பழைய கிராஸையும் வெர்னியரையும் பையனிடம் கொடுத்து, சேலத்திலிருந்து இரண்டு செட் வாங்கி வரச் சொன்னார்.