லாகின் என்னும் வாசல்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டதும் எல்லோரும் கவிதையோடு ஓடினார்கள். நமக்குக் கவிதை வராது. தெரிஞ்சதெல்லாம் லேபில் இருக்கிற லினக்ஸ் சர்வர்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்!

லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. 1979-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பில் ஸ்டீவ் பார்ன் எழுதிய ஷெல் இருந்தது. நாம் லாகின் செய்ததும் நம் டைரக்டரியில் உள்ள ‘.புரொஃபைல்’ என்ற ஃபைலை அது படிக்கும். நமக்கு வேண்டிய சூழலை அமைத்துத் தரும். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

அந்தச் சூழலில் முக்கியமானது ‘பாத்’. ஒரு கட்டளையை டைப் செய்தால் எந்தெந்த டைரக்டரியில் போய்த் தேட வேண்டும் என்கிற பட்டியல் அது. பட்டியலில் இல்லாத இடத்தில் புரோகிராம் இருந்தால், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று கையை விரித்துவிடும்.

எங்க லேபில் நடந்ததும் இதுதான். புது கம்பைலரை ‘ஆப்ட்’ டைரக்டரியில் தனியாக நிறுவியிருந்தார்கள். கம்ப்யூட்டர் துறைப் பசங்களுக்கு சீனியர்கள் வழிவழியாகக் கொடுத்த ஒரு வரி இருந்தது. அதை அவரவர் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். அதே லேபுக்கு வரும் எலக்ட்ரானிக்ஸ் துறைக்கு அதை யாரும் சொல்லவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒரு தம்பி என்னிடம், “அண்ணா, எனக்கு இதெல்லாம் வராதுண்ணா. சி.எஸ். பசங்களுக்குத்தான் வரும்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் எழுதிய புரோகிராமில் ஒரு பிழை கூட இல்லை! இல்லாமல் போனது ஒரே ஒரு வரி.

பொறுப்பாசிரியரின் அனுமதியோடு வேலையில் இறங்கினோம். ‘ஸ்கெல்’ டைரக்டரியில் மாதிரி ஃபைலை வைத்தால் போதாதா என்றார்கள் சிலர். போதாது. புதுக் கணக்கு தொடங்கும்போது மட்டும்தான் அது நகலாகும். பழைய கணக்குகளை எட்டிப் பார்க்காது. அதனால் ‘/எட்ஸி/புரொஃபைல்.டி’ என்ற பொது இடத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தோம். லாகின் செய்தவர் எந்த குரூப் என்பதை ‘ஐடி’ கட்டளையால் பார்க்கும். அந்த குரூப்புக்கு வேண்டிய பாத்தைச் சேர்க்கும். ஒரே இடத்தில் மாற்றினால், அடுத்த லாகினில் எல்லோருக்கும் மாறிவிடும். அந்தத் தம்பியின் புரோகிராம் அன்றைக்கே ஓடியது.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். முதலில் பொது ஃபைல், அப்புறம்தான் நம் சொந்த ஃபைல் படிக்கப்படும். அதாவது கடைசி வார்த்தை நம்முடையது! பொதுவில் தருவது உதவி, கட்டாயம் இல்லை.

புராஜெக்ட் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஒருவர் எழுதிய ஃபைலை மற்றவர் திருத்த முடியாது. ‘யுமாஸ்க்’ 022 என்று இருந்தால் குரூப்புக்கு எழுதும் உரிமை கிடைக்காது; 002 என்றால் கிடைக்கும். ஆனால் வகுப்பு முழுவதற்கும் ஒரே முதன்மை குரூப் இருந்தால், அறுபது பேரும் உங்கள் ஃபைலில் கை வைக்கலாம்! ஆகவே முதன்மை குரூப் அவரவர் பெயரில் இருக்கட்டும். புராஜெக்ட் டைரக்டரிக்குத் தனி குரூப் கொடுத்து, 2775 என்று உரிமை வையுங்கள். அதில் உருவாகும் புது ஃபைல்கள் தாமாகவே அந்த குரூப்பைச் சேரும்.

இரண்டு எச்சரிக்கை. பாத்தின் தொடக்கத்தில் ‘.’ போடாதீர்கள். யாராவது ‘எல்எஸ்’ என்ற பெயரில் ஒரு விஷமப் புரோகிராமை ஒரு டைரக்டரியில் போட்டு வைத்திருந்தால், நீங்கள் அங்கே போய் ‘எல்எஸ்’ என்றதும் அதுதான் ஓடும். அடுத்தது, ஜூனியர்கள் தொடக்கூடாது என்று பாத்திலிருந்து ஒரு புரோகிராமை நீக்குவது பூட்டு ஆகாது. முழு முகவரியை டைப் செய்தால் திறந்துகொள்ளும். பூட்ட வேண்டுமென்றால் ஃபைலின் உரிமையில் பூட்டுங்கள்.

நண்பர்களே, நாம் மூன்று வருஷத்தில் போய்விடுவோம். நமக்குத் தெரிந்த ஒரு வரியை நம் ஃபைலில் மட்டும் வைத்திருந்தால் அது நம்மோடு போய்விடும். பொதுவில் எழுதி வைத்தால், பெயர் தெரியாத தம்பி தங்கைகளுக்கும் வாசல் திறந்திருக்கும். அடுத்த முறை லேபில் பக்கத்து சீட்டில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் சிரிக்காதீர்கள். எட்டிப் பார்த்து, “பாத் சரியா இருக்கா?” என்று கேளுங்கள்!