வேட்டி வெளிச்சம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் இப்போதெல்லாம் சிற்பம் வாங்குபவர் கைக்குப் போகுமுன் அவருடைய செல்போனுக்குப் போய்விடுகிறது. வம்பு அங்கேதான்.

முக்கால் அடி உயர வாகை மர அம்மன். அரை அடி தூரத்தில் செல்போனை நீட்டி, பிளாஷ் போட்டு ஒரு கிளிக். மூக்கு முந்திக்கொண்டு வருகிறது, காது ஒளிந்துகொள்கிறது, கன்னம் தோசைக்கல்லாகிறது. உளி பல நாள் தோண்டிய பள்ளத்தையெல்லாம் பிளாஷ் ஒரே நொடியில் தூர்த்துவிடுகிறது.

மூக்கு பெருத்தால் லென்ஸைத் திட்டுவது வழக்கம். உண்மையான குற்றவாளி தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளி, அரை அடியில் பெரிய பங்கு. ஐந்தடி தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. முகப்படத்துக்கு 85 மி.மீ. லென்ஸை நாடுவதும் இதற்காகத்தான், அது ஆளைத் தள்ளி நிற்க வைக்கும். பிளெண்டர் மென்பொருளில் உருவம் செதுக்குபவருக்கும் இதே கதைதான். அங்கே கேமரா 50 மி.மீ.யில் தயாராக நிற்கும். முகத்தோடு ஒட்டிக்கொண்டு போனால் கணினி அம்மனுக்கும் மூக்கு பெருக்கும்.

வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து, கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து வரட்டும். மறுபக்கம் இருண்டால்? அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்.

வேட்டி என்றதும் நினைவுக்கு வருபவர் சுப்ரதா மித்ரா. 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கொல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட நினைத்தார் இயக்குநர் சத்யஜித் ராய். ஒளிப்பதிவாளர் மித்ராவோ ஒப்பவில்லை. முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை ஸ்டூடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்று வாதாடினார். தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார், விளக்குகளைக் கீழிருந்து துணியின் மேல் அடித்தார். பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானம்போலவே இறங்கியது. வாதத்தில் அவர் ஜெயித்திருந்தால் அந்தத் துணிக்கு வேலையே இருந்திருக்காது.

வெளிச்சம் நகர்ந்தால் முகமும் மாறும். கருவறையில் தீபத்தட்டு ஏறி இறங்கும்போது அம்மன் முகம் மாறுவதைப் பார்க்காத தமிழர் குறைவு. மாலையில், கல்வராயன் மலைப் பக்கம் வெயில் சாயும் நேரத்தில், திண்ணையில் மர அம்மனை வைத்துத் திருப்பினாலும் அதேதான். ஒரு திருப்பில் சிரிக்கிறாள். இன்னொன்றில் முறைக்கிறாள். எந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்புவது என்பது விற்பவர் பாடு.