கேட்கும் படிகமும் பேசும் படிகமும்

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு 27 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கென ஓர் அலைவரிசையை ஒதுக்கினார்கள். தேர்வு எதுவும் எழுதாமலே லாரி ஓட்டுநரும் உழவரும் அதில் பேசலாம். சி.பி. வானொலி என்பது அதன் பெயர். 1977-இல் 40 தடங்களாகப் பெருகுமுன் அதில் 23 தடங்களே இருந்தன. நம் நாட்டிலும் 2005 முதல் இந்த அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை.

அத்தகைய பழைய 23 தடக் கருவியொன்று எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. "நன்றாகக் கேட்கும், பேசினால்தான் உளறும்" என்று யாரோ ஒதுக்கிய கருவி அது. கேட்கும் காது இருக்க, வாய் மட்டும் ஏன் குழற வேண்டும்?

திறந்து பார்த்தபோது விடை கிடைத்தது. உள்ளே 14 படிகங்கள். 37.600 முதல் 37.850 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான ஆறும் கேட்பதற்கும் பேசுவதற்கும் பொது. எஞ்சிய எட்டில் நான்கு கேட்பதற்கு, நான்கு பேசுவதற்கு. முதல் தடத்தில் பேசும்போது 37.600-லிருந்து 10.635 கழிந்து 26.965 மெகா ஹெர்ட்ஸ் பிறக்கிறது. கேட்கும்போதோ 10.635-க்கு வேலையில்லை, 10.180 படிகம் பணியாற்றுகிறது. ஆகவே ஒன்று சரியாயிருக்க மற்றொன்று விலகுவதில் வியப்பில்லை.

ஏரியலுக்குப் பதில் 50 ஓம் சுமையை இணைத்து, அதிர்வெண் அளவியால் ஒவ்வொரு தடமாக அளந்தோம். 1, 5, 9 ஆகிய தடங்கள் ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸ் தாழ்ந்திருந்தன. அனுமதிக்கப்பட்ட விலகலோ 0.005 சதவீதம், அதாவது சுமார் 1,350 ஹெர்ட்ஸ். 2, 3, 4 தடங்களில் பழுதில்லை. எனவே பொதுப் படிகம் குற்றமற்றது. மூன்று தடங்களுக்கும் பொதுவான 10.635 படிகமே காலப்போக்கில் சற்று உயர்ந்திருந்தது. அதனோடு சிறு டிரிம்மர் மின்தேக்கி ஒன்றை இணைத்து மெல்லத் திருகினோம். அளவியில் 26.965 நின்றது. கேட்கும் படிகங்களை நாங்கள் தொடவேயில்லை.

தோழர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போலவே வந்த நண்பன் ஒருவன் முதல் பருவத்தோடு நின்றுவிட்டான். விடுதியில் எங்களுக்கெல்லாம் வெப்ப இயக்கவியலைத் தமிழில் விளக்கியவன் அவன். வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் எழுந்து மௌனமாக நிற்பான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றே எல்லாரும் முடிவு கட்டினர். அவனுடைய கேட்கும் படிகம் பழுதின்றி இருந்தது. அதை அளந்தவர் எவருமில்லை.

விரிவுரையாளப் பெருமக்களை வணங்கிக் கேட்கிறேன்: வாய் திறவாத மாணவனிடம், "தமிழில் சொல், பார்ப்போம்" என்று ஒருமுறை சொல்லுங்கள். விலகல் எந்தப் படிகத்தில் என்று தெரிந்துவிடும். அதன்பின் வேண்டியது ஒரு சிறு திருகல்தான். கருவியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை.